தானே நின்றுபோகும் கணினி



கணினி இன்று வீட்டுப் பொருள்களுள் ஒன்றாகிவிட்டது. பாடம் படிப்பதற்கும், கட்டுரை எழுதுவதற்கும், கட்டணம் செலுத்துவதற்கும், ஊரிலுள்ள உறவினரோடு முகம் பார்த்துப் பேசுவதற்கும் அது பயன்படுகின்றது. 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள் கொவிட் நோய்ப்பரவல் காரணமாகச் சிங்கப்பூர்ப் பள்ளிகள் யாவும் வீட்டிலிருந்தே கற்கும் முறைக்கு மாறியபொழுது, வகுப்பறை முழுவதும் கணினித் திரைக்குள் வந்து அமர்ந்தது. அந்நாள்களில் ஒரு வீட்டில் கணினி நின்றுபோயிற்று எனில், அவ்வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தின் கதவே சாத்தப்பட்டது போலாயிற்று.

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினி, யாரும் தொடாமலேயே சட்டென்று அணைந்துவிடுகிறது. மீண்டும் இயக்கினால் சிறிது நேரம் ஓடுகிறது; பின்னர் மறுபடியும் நின்றுவிடுகிறது. பல வீடுகளிலும் காணப்படும் குறை இது. இவ்வேளையில் சிலர் பிள்ளையைக் கடிந்துகொள்கின்றனர். சிலர் அடுத்த மாதச் சம்பளத்தை எண்ணிப் புதிய கணினி வாங்க முற்படுகின்றனர். சில நூறு வெள்ளி முதல் ஆயிரம் வெள்ளிக்கு மேலும் செல்லும் அச்செலவு, உழைத்து உண்ணும் குடும்பத்துக்குச் சிறியதன்று. காரணமோ பல நேரங்களில் விசிறியில் அடைந்த தூசியாகவோ, தளர்ந்துபோன ஒரு பிளக்காகவோ இருக்கும். ஆதலின், காசைத் தேடுமுன் காரணத்தைத் தேடும் முறையை இங்கு விளக்குவோம்.

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் மருந்து. நோய் இன்னதென்று தெளிந்து, அதன் மூலகாரணத்தையும் அறிந்த பின்னரே மருத்துவம் செய்தல் வேண்டும் என்பது அங்கு மருத்துவனுக்குச் சொல்லப்படும் நெறி. மனிதனுக்குச் சொல்லப்பட்ட அந்நெறி இயந்திரத்துக்கும் பொருந்தும்.

கணினி ஏன் தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது?

கணினியின் மூளை போன்ற பகுதியைச் செயலி என்கிறோம். விரல்நகம் அளவுள்ள சில்லில் கோடிக்கணக்கான நுண்ணிய மின் சுவிட்சுகள் அமைந்துள்ளன. அவை ஒவ்வொரு நொடியும் கோடிக்கணக்கான முறை திறந்து மூடுகின்றன. அவ்வேலைக்குச் செலவாகும் மின்சாரம் முழுவதும் இறுதியில் வெப்பமாகவே மாறுகிறது. அவ்வெப்பத்தை வெளியேற்றுவதற்காகச் செயலியின்மேல் செதில் செதிலான ஓர் உலோகக் கட்டியும், அதன்மேல் ஒரு விசிறியும் பொருத்தப்பட்டிருக்கும். சில்லுக்கும் உலோகத்துக்கும் இடையே வெப்பத்தைக் கடத்தும் ஒரு வகைப் பசை தடவப்பட்டிருக்கும்.

இம்மூன்றில் ஒன்று பழுதுபட்டாலும் வெப்பம் உள்ளேயே தங்கிவிடும். பெரும்பாலான செயலிகள் ஏறத்தாழ 100 பாகை செல்சியஸ் வரை தாங்கும். அந்த எல்லையை நெருங்கும்பொழுது செயலி முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. அதனாலும் சூடு தணியாவிடில், மின்சாரத்தைத் துண்டித்துக் கணினியையே அணைத்துவிடுகிறது. 2000ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் வந்த செயலிகள் சிலவற்றில் இக்காவல் போதிய அளவு இல்லை. அவற்றின் உலோகக் கட்டியை அகற்றினால் சில நொடிகளிலேயே சில்லு கருகிப்போகும். இக்காலத்துக் கணினி கருகுவதற்கு முன் நின்றுகொள்கிறது. ஆகவே, நின்ற கணினியைக் காரணம் அறியாமல் மீண்டும் மீண்டும் இயக்குதல், காய்ச்சலில் படுத்தவனை எழுப்பி ஓடச் சொல்வதற்கு ஒப்பாகும்.

நம் நாட்டுத் தட்பவெப்பமும் இதில் பங்கு கொள்கிறது. 1983ஆம் ஆண்டு ஏப்ரலில் தெங்காவிலும், 2023ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் அங் மோ கியோவிலும் வெப்பநிலை 37 பாகையைத் தொட்டது. சிங்கப்பூரில் பதிவான மிக உயர்ந்த வெப்பநிலை அது. அறையின் வெப்பம் 10 பாகை உயர்ந்தால் கணினிக்குள்ளிருக்கும் வெப்பமும் ஏறத்தாழ அதே அளவு உயரும். குளிரூட்டிய கடையில் நாள் முழுவதும் நிற்காமல் ஓடும் கணினி, சன்னலோர வெயிலில் பிற்பகல் மூன்று மணிக்கு நின்றுபோவது இதனாலேயே.

முதலில் மின்சாரத்தைப் பார்

கணினி அணைந்ததும் தலையை உயர்த்தி விளக்கையும் மின்விசிறியையும் பாருங்கள். அவையும் நின்றிருந்தால் குறை கணினியில் இல்லை. சிங்கப்பூரில் மின்தடை மிக அரிது. பெரும்பாலான ஆண்டுகளில் ஒரு வீட்டுக்கு ஆண்டொன்றுக்குச் சராசரியாக ஒரு நிமிடங்கூட மின்சாரம் தடைப்படுவதில்லை. 2018ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள் பின்னிரவில் ஏறத்தாழ 147,000 வாடிக்கையாளர்கள் மின்சாரம் இழந்த நிகழ்ச்சியை மக்கள் இன்றும் நினைவுகூர்வதற்கு அதன் அருமையே காரணம்.

தெருவில் மின்சாரம் இருந்தும் உங்கள் வீடு மட்டும் இருளடைந்தால், வாசலருகே உள்ள மின்பெட்டியைப் பாருங்கள். மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்சு அதில் இருக்கும். 2025ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் பழைய வீடுகள் உட்படக் குடியிருப்பு வீடுகள் அனைத்திலும் இச்சுவிட்சு இருத்தல் கட்டாயம். கணினியை இயக்கும்பொழுதெல்லாம் இச்சுவிட்சு கீழே விழுமாயின், கணினியிலோ அதன் மின்கம்பியிலோ கசிவு இருக்கலாம். அக்கணினியைச் சுவரிலிருந்து பிரித்துவிடுங்கள். கணினியைப் பிரித்த பின்னும் சுவிட்சு விழுந்தால் உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைத்தல் வேண்டும். சுவிட்சைக் கட்டி நிறுத்தி வைக்க ஒருபோதும் முயலாதீர்கள்.

விளக்கு எரிகிறது, விசிறி சுழல்கிறது, கணினி மட்டும் நின்றது என்றால் அதன் மின்கம்பியைச் சோதிக்கலாம். பிளக் சுவரில் இறுகப் பொருந்தியுள்ளதா? கம்பியின் மறுமுனை கணினியின் பின்புறத்தில் முழுமையாக உட்சென்றுள்ளதா? பிளக்கில் கருகிய வாடையோ கறுப்புத் தழும்போ உண்டா? கருகல் இருந்தால் அதனை மீண்டும் செருகவே கூடாது. கருகல் ஏதும் இல்லையெனில், நீட்டிப்புக் கம்பியை நீக்கிவிட்டு, கணினியை நேரே சுவரிலுள்ள மற்றொரு துளையில் செருகி ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள்.

நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட். சதுரக்கால் பிளக்கில் அதிக அளவாக 13 ஆம்பியர் உருகி இருக்கும். இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 3,000 வாட் வரும். ஒரு நீட்டிப்புக் கம்பியில் பல துளைகள் இருந்தாலும், அவை அனைத்தும் சேர்ந்து தாங்கக்கூடியது அவ்வளவே. தண்ணீர் காய்ச்சும் மின்கெண்டி ஒன்றே 2,000 வாட்டுக்கு மேல் இழுக்கும். அதனோடு சோற்றுப்பானையையும் கணினியையும் ஒரே கம்பியில் இணைத்தல் தகாது. நீட்டிப்புக் கம்பி வாங்கும்பொழுது பாதுகாப்புச் சின்னம் பொறிக்கப்பட்டுள்ளதா எனப் பார்த்து வாங்குங்கள்.

குறிப்பேடு ஒன்று வேண்டும்

1947ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்க் 2 என்னும் பெரிய கணினியில் ஒரு கோளாறு தோன்றியது. தேடிச் சென்றவர்கள் 70ஆம் எண் மின்விசைமாற்றியில் விட்டில்பூச்சி ஒன்று சிக்கியிருக்கக் கண்டனர். அவர்கள் அதனை எடுத்து எறியவில்லை. வேலைக் குறிப்பேட்டில் ஒட்டி, நேரத்தையும் இடத்தையும் அருகில் எழுதிவைத்தனர். அந்தப் பக்கம் பூச்சியோடு அந்நாட்டு அருங்காட்சியகத்தில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. எண்பது ஆண்டுகளை நெருங்கும் அவ்வழக்கம் நமக்கும் உதவும்.

மாணவர்களே, பழைய பயிற்சிப் புத்தகத்தில் மீதமுள்ள தாள்களே போதும். கணினி நிற்குந்தோறும் நாளும் நேரமும் குறித்து, பின்வரும் மூன்று வினாக்களுக்கு விடை எழுதுங்கள். இயக்கியபின் எத்தனை நிமிடம் ஓடியது? நின்றபொழுது என்ன வேலை நடந்துகொண்டிருந்தது? எவ்வாறு நின்றது?

மூன்றாம் வினாவைச் சற்று விளக்குதல் வேண்டும். திரையில் அறிவிப்பு ஏதேனும் காட்டி முறையாக அணைந்திருந்தால், அது புதுப்பிப்பு வேலையாகவோ, சிறிது நேரம் தொடாவிடில் உறங்கச் செல்லும் ஏற்பாடாகவோ இருக்கலாம். அதனைக் கணினியின் அமைப்புப் பக்கத்திலேயே மாற்றிக்கொள்ளலாம். நீலத்திரை தோன்றி மறுபடியும் இயங்கினால், நினைவகப் பலகையிலோ, அண்மையில் சேர்த்த மென்பொருளிலோ கோளாறு இருக்கலாம். எந்த அறிவிப்பும் இன்றி விளக்கை அணைத்தாற்போல் நின்றால், வெப்பத்தையோ மின்சாரத்தையோ ஐயுறுதல் தகும்.

எடுத்துக்காட்டாக, ஒரு வீட்டுக் குறிப்பேட்டில் இவ்வாறு எழுதியிருப்பதாகக் கொள்வோம். பிற்பகல் 3 மணிக்கு இயக்கியது 40 நிமிடத்தில் நின்றது. உடனே மறுபடியும் இயக்கியது 8 நிமிடத்தில் நின்றது. இரவு 9 மணிக்கு இயக்கியது 2 மணி நேரம் ஓடியது. இதிலிருந்து அறிவது யாது? முதல்முறை நின்றபின் சூடு ஆறவில்லை. அதனால் இரண்டாம் முறை விரைவில் எல்லையைத் தொட்டது. இரவில் அறையும் குளிர்ந்தது, இயந்திரமும் ஆறியது. அதனால் நெடுநேரம் ஓடியது. ஆகவே, காரணம் வெப்பம் என்று பெரும்பாலும் துணியலாம்.

மாறாக, குளிர்ந்த வேளையிலும் சூடான வேளையிலும் காலக்கணக்கு இல்லாமல் நின்றால் மின் இணைப்பையோ, மின்வழங்கியையோ ஐயுறலாம். பவர் சப்ளை என்று கடைக்காரர் கூறும் அப்பெட்டி, 230 வோல்ட் மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட்டுகளாகக் குறைத்துக் கணினிக்கு ஊட்டுகிறது. முதிர்ந்த காளை சமநிலத்தில் வண்டியை இழுத்துவிடும்; மேடு வந்தால் நின்றுவிடும். அதுபோல் முதிர்ந்த மின்வழங்கி கடிதம் எழுதும்பொழுது தாங்கும். விளையாட்டோ காணொளி வேலையோ தொடங்கி மின்தேவை உயர்ந்ததும் நின்றுவிடும். 1999 முதல் 2007 வரையிலான காலத்தில் உலகெங்கும் விற்ற கணினிகள் பலவற்றில் குறைபாடுள்ள மின்தேக்கிகள் உப்பி வெடித்தன. தாய்ப்பலகையிலுள்ள சிறிய உருளைகளின் தலை தட்டையாக இன்றி உப்பியிருந்தால் அதுவும் இவ்வகைக் குறையே.

தூசி நீக்கும் முறை

காரணம் வெப்பமெனில் முதல் மருந்து தூசி நீக்குதல். நம் வீடுகளில் தெருத்தூசி மட்டுமன்றிச் சாம்பிராணிப் புகையும், தாளிக்கும் எண்ணெயின் ஆவியும் காற்றில் கலந்துள்ளன. எண்ணெய்ப் பசையோடு சேர்ந்த தூசி, விசிறியிலும் உலோகச் செதில்களிலும் கம்பளிபோல் படிந்துவிடும். ஆதலின் கணினியைச் சமையலறை வாயிலிலிருந்தும், பூசை அலமாரிக்கு அருகிலிருந்தும் சற்று விலக்கி வையுங்கள். சுவருக்கும் அதற்குமிடையே ஒரு சாணேனும் இடைவெளி விடுங்கள். மேலே துணி போர்த்தி ஓட்டாதீர்கள்.

மேசைக் கணினியைத் துப்புரவு செய்யும் பணியைப் பெரியவர் செய்க. பிள்ளைகள் அருகிருந்து பார்க்க. முதலில் கணினியை அணைத்து, பிளக்கைச் சுவரிலிருந்து பிரித்துவிடுங்கள். பின்னர் அதன் இயக்கு பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே எஞ்சிய மின்சாரம் பெரும்பாலும் வடிந்துவிடும். பக்கப் பலகையைக் கழற்றி, பெட்டியின் உலோகப் பகுதியைக் கையால் தொடுங்கள். உடலிலுள்ள நிலைமின்சாரம் நீங்கும். உலர்ந்த மென்மையான தூரிகையால் தூசியை மெல்லத் தள்ளுங்கள். காற்றுக்குப்பி கொண்டு ஊதினால், விசிறி சுழலாதவாறு ஒரு குச்சியால் தடுத்துக்கொள்ளுங்கள். ஈரத்துணி ஆகாது. முடித்தபின் பலகையை மூடி, இயக்கி, விசிறிகள் யாவும் சுழல்கின்றனவா என்று பாருங்கள்.

தூசி நீங்கியும் சூடு தணியாவிடில், செயலியின் மேலுள்ள பசை காய்ந்திருக்கலாம், அல்லது விசிறி தேய்ந்திருக்கலாம். இவற்றை மாற்றுதல் தேர்ந்தவர் கைக்கு உரியது. எனினும் பெருஞ்செலவு ஆகாது.

மடிக்கணினிக்குச் சில சொற்கள்

மடிக்கணினியின் காற்றுத்துளைகள் பெரும்பாலும் அடிப்பகுதியில் உள்ளன. மெத்தையிலோ தலையணையிலோ வைத்தால் அவை அடைபடும். கெட்டியான மேசையில் வைத்தே பயன்படுத்துங்கள். அதன் மின்கலம் சில நூறு முறை மின்னேற்றம் பெற்றபின் வலுவிழக்கும். மின்னூட்டம் 30 விழுக்காடு எனத் திரை காட்டும்பொழுதே கணினி நின்றுவிட்டால், மின்கலம் முதிர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். சார்ஜரை இணைத்தால் நிற்காமல் ஓடுமாயின் அவ்வையம் உறுதிப்படும்.

ஓர் எச்சரிக்கை: மடிக்கணினியின் அடிப்பகுதி உப்பியிருந்தாலோ, விசைப்பலகை மேலெழுந்திருந்தாலோ, மின்கலம் வீங்கியுள்ளது என்று பொருள். உடனே அணைத்து, சார்ஜரைப் பிரித்துவிடுங்கள். அதனை அழுத்தவோ குத்தவோ கூடாது, தீப்பற்றும். வீட்டுக் குப்பையிலும் எறியலாகாது.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

கம்பியையும் மாற்றி, தூசியையும் நீக்கி, மென்பொருளையும் புதுப்பித்துவிட்டால் குறை நீங்கலாம். ஆயினும் எதனால் நீங்கிற்று என்பது தெரியாது. மறுமுறை வந்தால் மீண்டும் இருட்டில் துழாவ வேண்டியதே. ஆகவே, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஓரிரு நாள் ஓட்டி, முடிவைக் குறிப்பேட்டில் எழுதிய பின்னரே அடுத்ததைத் தொடுங்கள். அறிவியல் பாடத்தில் நாம் செய்யும் சோதனையின் விதியும் இதுவே.

விண்டோஸ் கணினியில் நிகழ்ச்சிப் பதிவேடு ஒன்று உண்டு. அதில் 41 என்னும் எண்ணுடன் ஒரு பிழைக்குறிப்பு அடிக்கடி காணப்படும். கணினி முறையாக அணைக்கப்படாமல் நின்றது என்பதை மட்டுமே அக்குறிப்பு கூறும்; காரணத்தைக் கூறாது. இத்தகைய பதிவுகளைக் காட்டி, உங்கள் கணினியில் கிருமி புகுந்துவிட்டது, நாங்கள் சரிசெய்கிறோம் என்று தொலைபேசியில் பேசிப் பணம் பறிப்போர் உளர். அழையாமல் வரும் அத்தகைய உதவியை ஏற்காதீர்கள். ஐயம் தோன்றினால் மோசடித் தடுப்பு உதவி எண் 1799ஐ அழைக்கலாம்.

மற்றொரு விதியையும் உறுதியாகப் பின்பற்றுங்கள். மின்வழங்கிப் பெட்டியைத் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிரித்த பின்னரும் அதனுள் உள்ள மின்தேக்கிகளில் உயிரைப் பறிக்கக்கூடிய மின்சாரம் தங்கியிருக்கலாம். பழுதெனில் பெட்டியை முழுமையாக மாற்றுவதே முறை.

கடைக்குச் செல்லுமுன்

பொங்கோலிலிருந்து வடகிழக்கு ரயில் பாதையில் பத்தாவது நிலையம் லிட்டில் இந்தியா. தேக்காவுக்குச் சாமான் வாங்கச் செல்வோர், சற்றே நடந்தால் ரோச்சோர் வட்டாரத்திலுள்ள சிம் லிம் ஸ்குவேரை அடையலாம். அங்குக் கணினி உறுப்புகள் விற்கும் கடைகள் பல உள்ளன. எக்கடைக்குச் சென்றாலும் குறிப்பேட்டைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். கணினி கெட்டுவிட்டது என்று மட்டும் கூறுபவருக்கு எதை வேண்டுமானாலும் விற்கலாம். கம்பியை மாற்றிப் பார்த்தோம், தூசி நீக்கினோம், குளிர்ந்த வேளையிலும் விளையாட்டு தொடங்கியதும் நிற்கிறது என்று விளக்குபவரிடம் பழுதுபார்ப்பவரும் பொறுப்போடு பேசுவார். செலவுக் கணக்கை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். பிள்ளையின் பாடங்களையும் குடும்பப் படங்களையும் முன்னதாகவே வேறொரு சேமிப்பில் படியெடுத்து வையுங்கள்.

கணினி புதிதாக வாங்கியதெனில் மற்றொரு வழியும் உண்டு. 2012ஆம் ஆண்டு செப்டம்பர் 1 முதல் நடப்பிலுள்ள சட்டத்தின்படி, வாங்கிய ஆறு மாதத்துக்குள் குறை வெளிப்பட்டால், கையில் கொடுத்தபொழுதே அக்குறை இருந்ததாகக் கருதப்படும். அவ்வாறு இல்லை என்று நிறுவும் பொறுப்பு விற்றவரைச் சேரும். பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அந்நிலையில் நீங்களே பெட்டியைத் திறக்காமல் விற்றவரிடமே கொண்டுசெல்லுதல் நலம்.

பழுதுபார்க்க இயலாதெனத் தெளிந்தபின் புதிது தேடலாம். வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் கணினியும் இணைய இணைப்பும் சலுகை விலையில் கிடைப்பதற்கென 2023ஆம் ஆண்டில் அரசாங்கத் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. சமூக மன்றத்தில் விசாரித்தால் வழி அறியலாம். பழையதை மின்னணுக் கழிவுக்கென வைக்கப்பட்டுள்ள சேகரிப்பு இடத்தில் ஒப்படையுங்கள். சிங்கப்பூர் ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 டன் மின்னணுக் கழிவை உண்டாக்குகிறது. தூசி நீக்கினால் ஓடக்கூடிய கணினி ஒன்றும் அக்குவியலில் சேர்தல் கூடாது.

மாணவர்களே, கட்டுரை எழுதும்பொழுது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சேமித்துவிடுங்கள். கணினி நின்றாலும் உங்கள் உழைப்பு நிற்காது. அது மீண்டும் நின்றால் அஞ்ச வேண்டா, சினக்க வேண்டா. குறிப்பேட்டைத் திறந்து நேரத்தை எழுதுங்கள். அப்பாவும் அம்மாவும் வேலையிலிருந்து திரும்பியதும், கெட்டுவிட்டது என்று கூறாமல், எப்பொழுது, எவ்வாறு, எத்தனை முறை நின்றது என்று கூறுங்கள். வீட்டுப் பணத்தைக் காக்கும் பணியில் அன்று நீங்களும் ஒரு பங்கு செய்தவராவீர்கள்.